பவர் பிரஸ்ஸில் விரலைக் காப்பது எது: கூண்டா, இரட்டை பட்டனா, லைட் கர்ட்டனா?

அம்பத்தூர், ஓசூர், கோவை என ஷீட் மெட்டல் ஜாப் ஒர்க் நடக்கும் இடங்களில் பவர் பிரஸ் (தகட்டை அச்சில் அடித்து வெட்டவும் வளைக்கவும் உதவும் இயந்திரம்) இல்லாத பட்டறை அரிது. அதில் விரல் நசுங்க ஒரு நொடிகூட வேண்டாம். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை இதற்குக் கணக்கே வைத்திருந்தது: ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் இழப்பு, கட்டைவிரலுக்கு 30, ஒரு கையின் நான்கு விரல்களுக்கும் சேர்த்து 50. ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு போட வேண்டும் என்று, அதேபோல் 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொன்னது. எந்தத் தடுப்பு என்பதில்தான் பணமும் விரலும் வீணாகின்றன.

கேட்லாக்கைத் திறக்கும் முன் ஒரே ஒரு கேள்வி. ராம் (மேலும் கீழும் ஓடி அடிக்கும் பாகம்) பாதி வழி இறங்கியிருக்கும்போது உங்கள் பிரஸ்ஸை நிறுத்த முடியுமா?

பழைய சி வகை பிரஸ்களில் பெரும்பாலும் கீ கிளட்ச் (பின் கிளட்ச் என்றும் சொல்வார்கள்) இருக்கும். பெடலை மிதித்தால் ‘டக்’ என்று கீ விழுந்து, ஃப்ளைவீலும் (சுழன்றுகொண்டே இருக்கும் கனமான சக்கரம்) கிராங்க் ஷாஃப்டும் (ராமை இயக்கும் தண்டு) பூட்டிக்கொள்ளும். ஒரு முழுச் சுற்று முடிந்து ராம் மேலே வந்தால்தான் விடும். நடுவில் மெயின் சுவிட்சை அணைத்தாலும் ஃப்ளைவீலின் வேகம் ராமைக் கீழே கொண்டுபோய்விடும். ஏர் கிளட்ச் அப்படியல்ல. காற்று உள்ளே போனால் பிடிக்கும். ‘புஸ்’ என்று வெளியேறினால் ஸ்பிரிங் பிரேக் எந்த இடத்திலும் நிறுத்தும். அடுத்து வரும் எல்லாத் தேர்வும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

லைட் கர்ட்டன்

பிரஸ்ஸின் முன் ஒளிக் கதிர்களால் போடும் திரை இது. பார்க்க நவீனமாக இருக்கும், ஆடிட்டில் நல்ல பெயர் வாங்கித் தரும். ஆனால் கீ கிளட்ச் பிரஸ்ஸில் மாட்டினால் அலங்காரம் மட்டுமே. கை கதிரை மறித்ததும் கர்ட்டன் சிக்னல் கொடுக்கும். கேட்டு நிற்க பிரஸ்ஸுக்குத்தான் வழியில்லை.

ஏர் கிளட்ச் பிரஸ்ஸில் இதுவே நல்ல தேர்வு. கையால் ஒவ்வொரு பீஸாக வைத்து எடுக்கும் வேலைக்கு இதைவிட வேகமான தடுப்பு கிடையாது. ஆனால் எங்கே மாட்டுவது என்பது கணக்கு. கர்ட்டன், ரிலே, வால்வு, பிரேக் எல்லாம் சேர்ந்து மொத்தம் 0.2 நொடியில் ராம் நிற்கிறது என்று வையுங்கள். கை நொடிக்கு 2,000 மி.மீ. வேகத்தில் பாயும் என்று எடுத்துக்கொண்டால், 14 மி.மீ. ரெசல்யூஷன் (கண்டுகொள்ளும் மிகச் சிறிய பொருளின் அளவு) உள்ள கர்ட்டன், டையிலிருந்து (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு) குறைந்தது 400 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். விலை குறைவு என்று 30 மி.மீ. ரெசல்யூஷன் வாங்கினால், கதிர் மறிபடும் முன்பே விரல் கூடுதலாக உள்ளே போய்விடும். தூரம் 500 மி.மீ. ஆகிவிடும். அவ்வளவு தள்ளி உட்கார்ந்து வேலை செய்ய முடியாமல் ஆபரேட்டர் அதை முன்னால் இழுத்துக் கட்டச் சொல்வார். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

பிரேக் லைனிங் தேய்ந்தாலோ எண்ணெய் பட்டாலோ நிற்கும் நேரம் கூடும், மாட்டிய தூரம் மட்டும் அப்படியே இருக்கும். கிராங்க் 90 டிகிரியில், ராம் வேகமாக இறங்கும் இடத்தில், நிற்கும் நேரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அளந்து பாருங்கள். கர்ட்டனின் வெளியீட்டைச் சாதாரண பி.எல்.சி. (இயந்திரத்தை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினி) இன்புட்டிலோ ஒற்றை ரிலேயிலோ கொடுப்பது இன்னொரு பிழை. அந்த ரிலே ஒட்டிக்கொண்டால் கர்ட்டன் இருந்தும் இல்லாததுதான். தன் பழுதைத் தானே கண்டுகொள்ளும் சேஃப்டி ரிலேயும், ஒன்று சிக்கினாலும் மற்றொன்று காற்றை வெளியேற்றும் இரட்டை வால்வும் சேர்ந்தே வர வேண்டும். விலை கேட்கும்போது இவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

முன்பக்கம் கர்ட்டன் என்றால் இரு பக்கமும் பின்பக்கமும் நிலையான கம்பி வலை வேண்டும். டை உடைந்து துண்டு பறந்தால் கதிர் அதைத் தடுக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

இரட்டை பட்டன்

இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டையில் கை இருக்க முடியாது. யோசனை சரிதான். ஏர் கிளட்சில் பட்டனை விட்டால் ராம் நிற்க வேண்டும், பட்டனுக்கான கணக்கு முறை வேறு, அதே 0.2 நொடிக்குத் தூரம் 570 மி.மீ. வரும். இரண்டு பட்டனையும் 0.5 நொடிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் ஸ்ட்ரோக் (ராம் ஒருமுறை இறங்கி ஏறுவது) வர வேண்டும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டையும் விட்டு மறுபடி அழுத்த வேண்டும். இந்த இரண்டும் இல்லாத சர்க்யூட்டில் ஒரு பட்டனில் துணியைச் செருகியோ டேப் ஒட்டியோ ஒற்றைக் கையால் ஓட்டுவார்கள். ஒரே கையை விரித்து இரண்டையும் அழுத்தாதபடி பட்டன்களுக்கு நடுவே 260 மி.மீ. போதும். முழங்கையும் விரலுமாக அழுத்துவதைத் தடுக்க 550 மி.மீ. வேண்டும், அல்லது பட்டனைச் சுற்றி மூடி வேண்டும்.

கீ கிளட்ச் பிரஸ்ஸில்தான் இது ஏமாற்றுகிறது. பெடலை எடுத்துவிட்டு, சோலினாய்டு (மின்சாரத்தில் இழுக்கும் காந்தம்) போட்டு, டேபிள் விளிம்பில் இரண்டு பட்டன் மாட்டிவிட்டு ‘சேஃப்டி பண்ணியாச்சு’ என்பார்கள். கணக்கைப் பாருங்கள். ஃப்ளைவீலில் கீ விழ ஒரே ஒரு இடம் என்றால், அது தாண்டிய கணத்தில் பட்டனை அழுத்தினால் கீ விழவே ஒரு முழுச் சுற்று ஆகும். பிறகு ராம் கீழே வர அரைச் சுற்று. நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் ஓடும் பிரஸ்ஸில் ஒரு சுற்று 1 நொடி, ஆக 1.5 நொடி. அந்த நேரத்தில் கை, பட்டன் கணக்கில் எடுக்கும் நொடிக்கு 1,600 மி.மீ. வேகத்தில் 2.4 மீட்டர் போகும். பட்டன் இருக்க வேண்டிய தூரம் அதுதான்! 120 ஸ்ட்ரோக் பிரஸ்ஸில் 1.2 மீட்டர், கீ விழ இரண்டு இடம் இருந்தால் 0.8 மீட்டர். மெதுவான பிரஸ்தான் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். பட்டனை அழுத்திவிட்டு, வளைந்திருக்கும் பீஸை நேராக்கக் கையை நீட்டும் ஆபரேட்டருக்கு அந்த 1.5 நொடி தாராளமான நேரம்.

பட்டன் காப்பது அதை அழுத்துபவரை மட்டுமே. எதிரே நின்று பீஸ் எடுக்கும் ஹெல்பருக்குத் தனியாக இரண்டு பட்டன் வேண்டும்.

நிலையான கூண்டு

கீ கிளட்ச் பிரஸ்ஸுக்கு நம் பரிந்துரை இதுதான். ராம் நிற்கிறதா, ரிலே ஒட்டியதா என்ற கேள்வியே இதற்கு இல்லை. கீ தேய்ந்தோ ஸ்பிரிங் உடைந்தோ ராம் தானாக இரண்டாவது முறை இறங்கும் ‘டபுள் ஸ்ட்ரோக்’ வந்தாலும் கை வெளியேதான் இருக்கும். மற்ற இரண்டும் கீ கிளட்சில் அந்த இடத்தில் கைவிட்டுவிடும்.

பட்டறையிலேயே செய்யலாம். கம்பியோ பாலிகார்பனேட்டோ போதும். அக்ரிலிக் வேண்டாம், அடிபட்டால் சிதறும். இடைவெளிதான் முக்கியம். 6 மி.மீ. வரையிலான நீளத் திறப்பு என்றால் ஆபத்தான இடம் அதற்குப் பின்னால் 10 மி.மீ. தள்ளியிருந்தால் போதும். 8 வரை 20, 10 வரை 80, 12 வரை 100, 20 மி.மீ. வரை 120. அதற்கு மேல் போனால் கையே உள்ளே நுழையும், கூண்டு பெயருக்குத்தான்.

நீளத் தகட்டை (ஸ்ட்ரிப்) ஊட்டித் துண்டு வெட்டும் பிளாங்கிங் வேலைக்கு இது கச்சிதம். ஒவ்வொரு பீஸாகக் கையால் வைக்கும் வளைப்பு வேலையில் ‘கூண்டு போட்டால் புரொடக்‌ஷன் போகும்’ என்ற புகார் வரும், நியாயமானதுதான். அதற்கு பீஸ் வைக்கும் இடத்தை மேசை டிராயர் போல வெளியே இழுக்கும் ஸ்லைடில் அமையுங்கள். வெளியே வைத்து உள்ளே தள்ளி அடிக்கலாம். வளைந்த பீஸ் பின்பக்கச் சரிவில் விழட்டும். டை செய்யும்போதே யோசித்தால் செலவு பெரிதில்லை, பிறகு சேர்ப்பதுதான் தலைவலி.

கூண்டை பிரஸ்ஸில் மாட்டாமல் டையிலேயே போல்ட் போட்டுவிடுவது நல்லது. பிரஸ்ஸில் இருக்கும் கூண்டை டை மாற்றும்போது கழற்றுவார்கள், அவசரத்தில் மூலையில் சாய்த்துவிடுவார்கள். டையோடு ரேக்குக்குப் போகும் கூண்டு டையோடுதான் திரும்பி வரும்.

மற்றவை

காந்தக் குச்சி, இடுக்கி, சக்‌ஷன் கப் எல்லாம் கை உள்ளே போகும் தேவையைக் குறைக்கும், தடுப்பு ஆகாது. கையைத் தட்டிவிடும் ஆடும் தடியை அமெரிக்கா 1976-ஆம் ஆண்டோடு தடை செய்தது, நம் பட்டறைக்கும் அது வேண்டாம். மணிக்கட்டில் பெல்ட் கட்டி இழுக்கும் வகை, ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் நீளம் சரிபார்த்தால் மட்டுமே வேலை செய்யும்.

டை செட் செய்யும் நேரத்தில் மேலே சொன்ன எதுவும் காப்பாற்றாது. மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டு, ஃப்ளைவீல் முழுதாக நின்றதைக் கண்ணால் பார்த்து, ராமுக்குக் கீழே சேஃப்டி பிளாக் (ராம் இறங்காமல் தாங்கும் கட்டை) வைத்த பிறகே கை உள்ளே போக வேண்டும். பிளாக்கைச் சங்கிலியில் கட்டி, மறுமுனையை மோட்டார் சர்க்யூட்டின் பிளக்கில் இணைத்துவிட்டால், பிளாக் ராமுக்குக் கீழே இருக்கும்வரை மோட்டார் ஓடவே ஓடாது.