ரீடிங் எல்லாம் பச்சை, டயர் மட்டும் மொட்டை

முன்சக்கரங்களையும் ஸ்டியரிங்கையும் பிடித்திருக்கும் பாகங்களான பால் ஜாயின்ட், ஐட்லர் ஆர்ம், லோயர் ஆர்ம் புஷ் எல்லாம் மாற்றி வண்டி கைக்கு வந்துவிட்டது. இந்த வகைப் பழைய ஃபோர் வீல் டிரைவின் என்ஜினைப் பற்றியோ லோ ரேஞ்சின் (மெதுவாக, அதிக விசையோடு ஓட்டும் கியர்) இழுவையைப் பற்றியோ வைத்திருப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சேற்றிலும் செங்குத்தான மண்பாதையிலும் நம்பி இறக்கலாம். இத்தனை வருடத்தில் என்னை ஒரு தடவைகூட நடுவழியில் விட்டதில்லை. என் கோபமெல்லாம் முன் டயர்களின் உள்விளிம்பு மேல்தான்.

நடுவில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) 6 மி.மீ. உயரம் இருக்கும், உள்விளிம்பில் கம்பி தெரிய ஆரம்பித்திருக்கும். வெளியே நின்று பார்த்தால் புது டயர் மாதிரியே தெரியும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, குனிந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். பாதி உயிர் இருக்கும் டயரைக் கழற்றிப் போடும்போது வயிறு எரிகிறது. ஒவ்வொரு முறையும் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணச் சோதனை) பார்த்தேன், ஒவ்வொரு முறையும் எல்லாக் கட்டமும் பச்சையாக ஒரு தாள் கொடுத்தார்கள். அந்தத் தாள் பொய்யில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வண்டி அசையாமல் நிற்கும்போது அந்த எண்கள் சரியாகத்தான் இருந்தன.

ஓடும்போது கதை வேறு. டூ வீல் டிரைவில், அதாவது பின்சக்கரங்களுக்கு மட்டும் என்ஜின் விசை போகும்போது, பின்சக்கரம் தள்ள, முன்சக்கரங்கள் உருள்கின்றன. சாலையின் எதிர்ப்பு அவற்றைப் பின்னால் இழுக்கிறது. இணைப்புகளில் ஆட்டம் இருந்தால் அந்த இழுப்பில் சக்கரங்களின் முன்பக்கம் வெளியே விரிகிறது, அதாவது டோ அவுட். பிரேக் போட்டால் இன்னும் விரியும். அகல ரிம் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளி வைத்திருந்தால் அந்த இழுப்புக்கு நெம்புகோல் நீளம் கூடிவிடும். நின்றவுடன் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. மெஷின் எதைத்தான் பிடிக்கும்?

அரை டிகிரி என்றால் அற்பம் என்று தோன்றும். ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பியபடி ஓடினால், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது. வெறும் சைன் கணக்குதான். போட்டுப் பார்த்த அன்று, டயர் இவ்வளவு நாள் தாங்கியதே பெரிது என்று தோன்றியது.

டோ கோளாறைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். பட்டன்களின் மேல் குறுக்காக உள்ளங்கையை ஓட்டுங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பம் போலக் கீறினால் அது டோதான். ஒரு விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் கேம்பரை (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) சந்தேகப்படுங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு தேய்ந்தால் காற்று அதிகம். அங்கங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர், வீல் பேரிங், பேலன்சிங் பக்கம் போக வேண்டும். டயரை இடம் மாற்றுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள், மாற்றிவிட்டால் எந்தச் சக்கரம் குற்றவாளி என்பதே குழம்பிவிடும்.

அப்புறம் ஜாக்கி. டார்ஷன் பார் (முறுக்கி ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பி) கீழ் ஆர்மில் இணைந்திருக்கும் வண்டிகளில் கீழ் ஆர்முக்கு அடியில் முட்டுக் கொடுத்துத் தூக்க வேண்டும், அப்போதுதான் பால் ஜாயின்ட் மேலுள்ள பாரம் விலகி ஆட்டம் தெரியும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். இடவலமாக ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங் தண்டின் முனை மூட்டு), ஐட்லர் ஆர்ம். பிறகு சக்கரங்களைத் தரையில் வைத்து, ஒருவர் ஸ்டியரிங்கைக் கொஞ்சமாக இப்படியும் அப்படியும் அசைக்க, கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். என் வண்டியில் ஐட்லர் ஆர்ம் மேலும் கீழும் குதித்தது அப்போதுதான் தெரிந்தது. இத்தனை அலைன்மென்ட்டில் ஒருவர்கூடக் கீழே படுத்துப் பார்க்கவில்லை என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

டார்ஷன் பார் தளர்ந்து முன்பக்கம் இறங்கியிருந்தால் கேம்பரும் டோவும் சேர்ந்தே மாறிவிடும். அதனால் முதலில் ஆட்டத்தை ஒழித்து, உயரத்தைச் சரிசெய்து, கேஸ்டரும் (ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) கேம்பரும் வைத்து, கடைசியில்தான் டோ. இந்த வரிசை மாறினால் காசு வீண்.

இரண்டு டயர் மட்டும் மாற்றித் தப்பிப்பதும் இந்த வண்டியில் சுலபமில்லை. நடுவில் டிஃபரென்ஷியல், அதாவது முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர், கிடையாது. முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபட்டால், ஃபோர் வீல் போட்டதும் கெட்டித் தரையில் டயரும் கியரும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

இதே மாடல் வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். இப்போதைய மனநிலையில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நான் விற்கப் போவதில்லை, அது வேறு விஷயம். வாங்கியே தீருவேன் என்றால், விலை பேசும் முன் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.