பதவி முடிந்ததும் லாபி: ஓராண்டுத் தடையா, ஐந்தாண்டா, ஆயுள் தடையா?

2003இல் மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) மருந்துச் சட்டத்தை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் முன்னின்று நிறைவேற்றியவர்களில் ஒருவர் பில்லி டௌசின். மருந்து விலையில் அரசு பேரம் பேசக் கூடாது என்றது அச்சட்டம். 2005 ஜனவரியில் பதவி முடிந்த கையோடு, பெரிய மருந்து நிறுவனங்களின் சங்கமான ‘பார்மா’வின் தலைவராகிவிட்டார். சட்டப்படி குற்றமே இல்லை.

அரசிடமும் நாடாளுமன்றத்திடமும் பிறருக்காகப் பேசிக் காரியம் சாதிப்பதுதான் லாபி. பதவி முடிந்த உறுப்பினர்கள் அதைச் செய்ய, அங்கே 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி இருப்பது ஓராண்டுத் தடை. ஜாக் ஏப்ரமாஃப் என்ற லாபியிஸ்டின் லஞ்ச ஊழலுக்குப் பிறகு 2007இல் செனட்டர்களுக்கு மட்டும் இரண்டாண்டாக்கினார்கள். பிரதிநிதிகளுக்கு இன்றும் ஓராண்டுதான். ஒரு சபையின் ஆயுளே இரண்டு ஆண்டு. தடை முடிந்து வருகிறவரை அதே பழைய சகாக்கள்தான் வரவேற்கிறார்கள். புதிய விதி அமலாகச் சில நாட்களே இருந்தபோது, 2007 டிசம்பரில் செனட்டர் டிரென்ட் லாட் பதவி விலகினார். அடுத்து, முன்னாள் செனட்டர் ஜான் பிரோவுடன் சேர்ந்து லாபி நிறுவனம் தொடங்கினார். கால அட்டவணையை நன்றாகப் படித்தவர்!

கால அளவைவிடப் பெரிய ஓட்டை வேறு. தடுக்கப்படுவது நாடாளுமன்றத்தினரை நேரடியாக அணுகுவது மட்டுமே. யாரிடம் எதை எப்போது பேச வேண்டும் என்று பின்னாலிருந்து சொல்லிக்கொடுக்கலாம். அரசுத் துறைகளை மறுநாளே அணுகலாம். 2004 தேர்தலில் தோற்ற செனட்டர் டாம் டாஷில் சட்ட நிறுவனங்களில் ‘ஆலோசகர்’ ஆனார். லாபியிஸ்டாகப் பதிவு செய்தது 2016இல்தான். இது கவனக்குறைவால் வந்த ஓட்டையும் அல்ல. வெளிநாட்டு அரசுகளுக்கு என்றால் ஆலோசனை சொல்வதையே அதே சட்டம் ஓராண்டு தடுக்கிறது. உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு மட்டும் அந்தக் கண்டிப்பு வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள்.

கனடாவில் ஐந்தாண்டு. 2008இல் அமைச்சர்களுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் வந்த தடை, 2010 முதல் எல்லா எம்.பி.க்களையும் செனட்டர்களையும் பிடிக்கிறது. நாடாளுமன்றத்தோடு அரசுத் துறைகளும் இதில் அடக்கம். கூலிக்கு லாபி செய்யும் ஆலோசகராக ஒரு முறைகூடப் போக முடியாது. ஆனால் ஒரு கம்பெனியில் நேரடி ஊழியராகச் சேர்ந்து, லாபி என் வேலையில் சிறு பங்குதான் என்றால் தப்பிக்கலாம். அந்த வாசலை அடைத்தால், என் கணக்கில் இதுவே சிறந்த மாதிரி.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஆறாண்டு. 2018இல் சுமார் 79 சதவீத வாக்காளர்கள் ஆதரித்தார்கள். 2022 இறுதியில் அமலானது. சம்பளத்துக்குச் செய்யும் லாபிக்கு மட்டுமே தடை; மாநில அரசுத் துறைகளும் அதற்குள் வருகின்றன.

ஆயுள் தடை கேட்க நன்றாக இருக்கிறது. 2019இல் எதிரெதிர் முகாமைச் சேர்ந்த செனட்டர் டெட் குரூஸும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸும் ட்விட்டரில் இதற்குக் கைகோத்தார்கள். சட்டம் வரவில்லை. வந்தாலும் நீதிமன்றத்தில் நிற்பது கடினம்: அரசிடம் முறையிடும் உரிமை அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தத்திலேயே இருக்கிறது. மிசௌரி மாநிலத்தின் வெறும் இரண்டாண்டுத் தடையையே 2024இல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. ஊழலைத் தடுக்க அது தேவை என்பதற்கு அரசு போதிய சான்று காட்டவில்லையாம். அந்த நீதிமன்றத்தின் கீழ் ஏழு மாநிலங்கள் உள்ளன. கனடா மாதிரியை அங்கே கொண்டுவர நினைப்பவர்கள் முதலில் திரட்ட வேண்டியது அந்தச் சான்றைத்தான்.