தட்டுத் தராசா, வில் தராசா? நிறையும் எடையும் பிரியும் இடம்

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் “எடை என்ன?” என்று கேட்டால் “அஞ்சு கிலோ” என்று பதில் வரும். வியாபாரத்துக்கு அது போதும். இயற்பியலில் மட்டும் கிலோகிராம் நிறையின் அலகு. எடையின் அலகு நியூட்டன். வஞ்சிரத்தில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது நிறை. அதைப் பூமி எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பது எடை. நம் கரையில் ஈர்ப்பு முடுக்கம், அதாவது விழும் பொருளின் வேகம் கூடும் அளவு, வினாடிக்கு வினாடி சுமார் 9.78 மீட்டர். நிறையை இதால் பெருக்கினால் எடை. ஆக, 5 கிலோ வஞ்சிரத்தின் எடை ஏறத்தாழ 49 நியூட்டன்.

வரையறையை மனப்பாடம் செய்வதைவிட இரண்டு தராசுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. தட்டுத் தராசு ஒப்பிடும் கருவி. ஒரு தட்டில் மீன், மறுதட்டில் எடைக்கல். பூமியின் ஈர்ப்பு இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் அது அடிபட்டுப் போகிறது, மிஞ்சுவது நிறை. அதே தராசையும் கல்லையும் நிலாவுக்குக் கொண்டுபோனாலும் முள் நடுவில்தான் நிற்கும். (பெயர்தான் எடைக்கல், செய்வது நிறையின் வேலை!)

கொக்கியில் தொங்கவிடும் வில் தராசு அப்படியில்லை. வில்லை நீட்டுவது இழுவிசை. அந்த நீட்சியைத்தான் அது கிலோவாகக் காட்டுகிறது. இங்கே 5 கிலோ காட்டிய மீனுக்கு நிலாவில் சுமார் 830 கிராம்தான் காட்டும். அவ்வளவு தூரம்கூட வேண்டாம். வட துருவத்தில் ஈர்ப்பு 9.83. வில் நுட்பமானதாக இருந்தால் அங்கே 25 கிராம் கூடுதலாகக் காட்டும். மீன் அதே மீன்தான்.

எலக்ட்ரானிக் தராசும் வில் தராசின் பக்கம்தான். அழுத்தும் விசையை உணர்ந்து கிலோவாக மாற்றிக் காட்டுகிறது.

நிறையைக் காட்ட இரண்டில் எது சிறந்தது? தட்டுத் தராசுதான். ஆனால் அதையும்விட எனக்குப் பிடித்தது தராசே இல்லாத ஒரு சோதனை. உப்பனாற்றில் மிதக்கும் விசைப்படகின் எடை முழுவதையும் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. அப்படியானால் விரலால் தள்ளினாலே விர்ரென்று போக வேண்டுமே? போகாது. நாலு பேர் தோள் கொடுத்தாலும் மெல்லத்தான் அசையும். அப்புறம் வேகம் பிடித்துவிட்டால், படகுத்துறையில் மோதாமல் நிறுத்துவதும் அதே பாடு. தண்ணீரால் தாங்க முடியாத அந்தப் பிடிவாதம்தான் நிறை.

பாடம் நடத்தும்போது எப்போதும் நிலாவுக்குப் போகிறோம். கடலூர்ப் பிள்ளைகளுக்கு நான் படகிலிருந்துதான் தொடங்குவேன். கயிற்றை அவர்கள் கையிலேயே கொடுத்து இழுக்கச் சொல்லலாம்.