ட்ரைபாடும் பால்ஹெட்டும்: எதில் காசைப் போடலாம்?

ட்ரைபாட் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது, இணையக் கடையில் கொட்டை எழுத்தில் இருப்பது, எல்லாம் ஒரே எண்தான்: எத்தனை கிலோ தாங்கும். அந்த எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். ஏன் என்று இரண்டு பால்ஹெட்டை (கால்களின் மேல் உட்கார்ந்து கேமராவைப் பிடிக்கும், உருண்டையில் சுழலும் ஹெட்) அருகருகே வைத்தாலே புரிந்துவிடும். சிருய் கே-20எக்ஸ்: உருண்டையின் விட்டம் 38 மி.மீ., தாங்கும் எடை 25 கிலோ. ரியலி ரைட் ஸ்டஃப் பிஎச்-40: உருண்டை 40 மி.மீ., விலை அதைவிட இரண்டு மூன்று மடங்கு, தாங்கும் எடையோ சுமார் 8 கிலோதான். கூடவே ஆர்கா-ஸ்விஸ் இசட்1-ஐயும் பாருங்கள், 59 கிலோ என்கிறார்கள். கேமராவுக்குப் பதில் ஒரு ஆளையே ஏற்றி உட்கார வைத்துவிடலாம்!

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி அளக்க வேண்டும் என்று ஒரு பொதுத்தரம் இல்லை, அவ்வளவுதான். நேராக நிற்கும்போது எவ்வளவு தாங்கும் என்பது ஒரு கணக்கு. 45 டிகிரி சாய்த்தாலும் நழுவாமல் எவ்வளவு தாங்கும் என்பது வேறு கணக்கு. எதை அச்சிடுவது என்பது அவரவர் விருப்பம்.

சரி, நாம் உண்மையில் எவ்வளவு ஏற்றப்போகிறோம்? சோனி ஏ7 ஃபோர் கேமராவின் பாடி 658 கிராம். அதில் 200-600 லென்ஸை மாட்டினால் இன்னொரு 2,115 கிராம். இரண்டும் சேர்ந்தே 2.8 கிலோவைத் தாண்டவில்லை. இந்த எடையை எந்த ட்ரைபாடும் கீழே போடாது. ஆனால் 600 மி.மீ.யில் நீங்கள் பார்ப்பது சுமார் மூன்றரை டிகிரி அகலமுள்ள ஒரு சின்னத் துண்டுதான். லேசான காற்று, ஷட்டரை அழுத்தும் விரல், தோளில் மாட்டும் பட்டை படபடவென்று அடிப்பது, எதுவானாலும் படம் கலங்கிவிடும். ஆகவே கேட்க வேண்டியது எவ்வளவு தாங்கும் என்பதல்ல, எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்பதே.

கால்கள்

விறைப்பைத் தீர்மானிப்பதில் முதலிடம் குழாயின் விட்டத்துக்கு. சுவரின் கனம் மாறாமல் இருந்தால் மெல்லிய குழாயின் விறைப்பு விட்டத்தின் முப்படிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்பக் கூடும். 25 மி.மீ. குழாயை 32 மி.மீ. ஆக்கினால் கூடியது 7 மி.மீ.தான், ஆனால் விறைப்பு இரண்டு மடங்குக்கும் சற்று மேலே போய்விடும். இதிலேயே இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் மேலே உள்ளதற்குள் நுழைய வேண்டும் என்பதால் அடுக்கு கூடக் கூட அடிக்குழாய் மெலியும். ஐந்து அடுக்குக் காலில் கடைசிக் குழாய் சுண்டுவிரல் கனத்துக்கு வந்துவிடும். மொத்தக் காலும் அதன் மேல்தான் நிற்கிறது. மூன்று அடுக்கு, நான்கு அடுக்கு இரண்டும் ஒரே மாடலில் கிடைத்தால், பையில் நுழையும் என்றால், மூன்றையே எடுங்கள்.

இப்போது மூன்று ட்ரைபாடைப் பார்ப்போம். மூன்றும் மூன்று விதமான ஆட்களுக்கானவை.

மான்ஃப்ரோட்டோ 055, அலுமினியம், மூன்று அடுக்கு. எடை 2.5 கிலோ, மடித்தால் 61 செ.மீ., நடுத்தண்டைத் தூக்கினால் 170, தூக்காமல் 140. இந்த 140 என்ற எண் முக்கியம். அதன் மேல் ஹெட் ஒரு 10 செ.மீ., கேமராவின் அடியிலிருந்து வியூஃபைண்டர் வரை ஒரு 8 செ.மீ. போட்டால் 158. சுமார் 170 செ.மீ. உயரமுள்ளவரின் கண் அங்கேதான் இருக்கும். அதாவது நடுத்தண்டைத் தொடவே வேண்டாம். நடுத்தண்டைத் தூக்கியதும் மூன்று கால் ட்ரைபாட் ஒற்றைக்கால் ஆகிவிடுகிறது என்பதால் இது பெரிய விஷயம். அதே நடுத்தண்டை இதில் கிடைமட்டமாகப் படுக்க வைக்கலாம். சாப்பாட்டுத் தட்டை மேலிருந்து எடுப்பவர்கள், தரையோடு தரையாகப் பூச்சி எடுப்பவர்கள் இதற்காகவே 055 வாங்குவது உண்டு. இதன் கார்பன் ஃபைபர் வடிவம் 2 கிலோ. மிச்சமாவது அரைக்கிலோ, அதற்குக் கேட்கும் கூடுதல் காசு அதிகம். என்னைக் கேட்டால் அந்தக் காசு ஹெட்டுக்குப் போக வேண்டியது.

பீக் டிசைன் டிராவல் ட்ரைபாட் நேரெதிர். 2019-இல் கிக்ஸ்டார்ட்டரில் (மக்களிடம் முன்பணம் திரட்டும் இணையதளம்) 1.2 கோடி டாலருக்கு மேல் திரட்டிய பொருள். கால்கள் வட்டக் குழாய் அல்ல. நடுத்தண்டோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி மடங்கும்படி கோணம் வைத்துச் செய்திருக்கிறார்கள். மடித்தால் 39 செ.மீ., கார்பன் என்றால் ஹெட்டோடு சேர்த்தே சுமார் 1.3 கிலோ. தண்ணீர் பாட்டில் வைக்கும் பக்கப்பையில் போய் உட்கார்ந்துவிடும். நடுத்தண்டுக்குள் ஃபோன் பிடிக்கும் கிளிப் ஒன்றை ஒளித்து வைத்திருப்பது நல்ல யோசனை. குறை? நடுத்தண்டைத் தூக்காமல் நின்றால் உயரம் 130 செ.மீ., அதிலும் ஹெட் அடக்கம். (மான்ஃப்ரோட்டோ சொல்லும் உயரத்தில் ஹெட் சேராது. ஒப்பிடும்போது இதைக் கவனியுங்கள்.) தண்டு முழுக்க இறங்கியிருந்தால் ஹெட் கால்களின் தோளுக்குள் புதைந்து நிற்கிறது, சாய்க்க இடமில்லை. கொஞ்சமாவது தூக்கித்தான் ஆக வேண்டும். ஹெட்டை மட்டும் இடவலமாகச் சுழற்றத் தனி லாக்கும் இல்லை, பனோரமா எடுப்பவருக்கு எரிச்சல் வரும். ஐந்து அடுக்கு என்பதால் அடிக்குழாய் பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். வெளியானபோது அமெரிக்காவில் அலுமினியம் 350 டாலர், கார்பன் 600 டாலர். இரண்டுக்கும் எடை வித்தியாசம் கால் கிலோ சொச்சம்.

மூன்றாவது கிட்சோ. கார்பன் ட்ரைபாடை 1994-இல் முதலில் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். பிரான்சில் பிறந்த கம்பெனி, இப்போது மான்ஃப்ரோட்டோவும் கிட்சோவும் ஒரே குழுமத்தில் இருக்கின்றன. மாடல் பெயர் வாய்க்குள் நுழையாவிட்டாலும் அதற்குள் கணக்கு உண்டு. ஜிடி3543எல்எஸ் என்றால் முதல் 3 குழாய் கனத்தின் வரிசை (மேல்குழாய் சுமார் 33 மி.மீ.), 5 கார்பன், 4 அடுக்கு எண்ணிக்கை, கடைசி 3 பதிப்பு. இதில் நடுத்தண்டே கிடையாது, அந்த இடத்தில் ஒரு தட்டையான பிளேட். எடை 2 கிலோவுக்குச் சற்று மேல், அதாவது மான்ஃப்ரோட்டோ அலுமினியத்தைவிடக் குறைவு, விறைப்பிலோ இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பறவைப் படத்துக்குப் பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் இது. மற்றவர்களுக்கு இவ்வளவு பெரிய முதலீடு தேவையில்லை.

அலுமினியமா கார்பனா என்ற சண்டையில் எடையைத் தவிர இன்னும் சில விஷயங்கள் உண்டு. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற அலுமினியக் காலை வெறுங்கையால் பிடித்துப் பாருங்கள், கார்பன்காரர்கள் ஏன் பேசாமல் இருக்கிறார்கள் என்று தெரியும். உப்புக்காற்றில் அலுமினியம் புள்ளி புள்ளியாக அரிக்கும், கார்பன் குழாய் அரிக்காது. ஆனால் கார்பனில் எதன் மீதாவது பலமாக மோதினால் குழாய் வெடிப்பு விடும், அலுமினியம் நசுங்கினாலும் நிற்கும்.

திருகும் லாக்கா, தட்டும் லாக்கா?

காலின் அடுக்குகளை நீட்டிய இடத்தில் பூட்டும் லாக் இரண்டு வகை: வளையத்தைத் திருகுவது, நெம்புகோலைத் தட்டி மூடுவது. தட்டும் லாக்கில் பூட்டியிருக்கிறதா என்பது பார்த்தாலே தெரியும். தளர்ந்துபோனால் அதன் திருகை முடுக்கிச் சரிசெய்யலாம். திருகும் லாக்கில் வெளியே துருத்துவது எதுவுமில்லை, புதரில் மாட்டாது, கட்டும்போதும் இடிக்காது. வேகத்தில் பழகினால் இரண்டும் ஒன்றுதான்.

வித்தியாசம் தெரிவது கடற்கரையில். தனுஷ்கோடியில் அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். திருகும் லாக் என்றால் வீட்டுக்கு வந்து முழுக்கக் கழற்றலாம், கருவி ஒன்றும் வேண்டாம். ரப்பர் வளையத்தைத் திருகிக்கொண்டே போய்க் கீழ்க்குழாயை உருவினால், குழாயின் மேல்நுனியில் அரைவட்ட பிளாஸ்டிக் துண்டுகள் இரண்டு வெளியே வரும். உருவும்போது அவை தரையில் விழுந்து ஓடும், ஆகவே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் சின்னக் குமிழ் இருக்கும், குழாயில் அதற்கு ஒரு துளை இருக்கும். நல்ல தண்ணீரில் மணலைக் கழுவி, நிழலில் காயவைத்து, குமிழ் துளையில் உட்காரும்படி வைத்து மறுபடி நுழைத்தால் தீர்ந்தது. தட்டும் லாக்கில் இதே வேலைக்குத் திருகாணியைக் கழற்ற வேண்டும், ஆலன் சாவி தேட வேண்டும். கடற்கரைக்காரர்கள் திருகும் லாக்கையே வாங்கலாம் என்பது என் கட்சி.

ஹெட்

காலுக்கு நிறையச் செலவழித்துவிட்டு, ஹெட்டுக்கு மிச்சத்தில் ஏதோ ஒன்று என்று வாங்குபவர்கள் அதிகம். அந்த ஏதோ ஒன்று எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்றால்: டெலி லென்ஸ் மாட்டி, நிலாவை ஃப்ரேமின் நடுவில் வைத்து, நாபை இறுக்கிக் கையை எடுங்கள். நிலா மெதுவாக மேலே போகும். உண்மையில் லென்ஸின் மூக்கு கீழே இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, இறங்கும் என்று கணக்குப் போட்டு இறுக்கும் பழக்கம் வந்துவிடும். மிக அருகில் வைத்து எடுக்கும் மேக்ரோவில் அதுவும் உதவாது.

உருண்டை பெரிதாக இருந்தால் அதே இறுக்கத்தில் பிடிமானம் கூடும், உராய்வுக்கு அதிக நெம்புதூரம் கிடைப்பதால். 30 மி.மீ.க்குக் கீழே உள்ளவை சின்ன மிரர்லெஸ் கேமராவுக்குப் போதும். 36 முதல் 44 வரை பெரும்பாலான ஆட்களின் தேவையைத் தீர்க்கும். பிஎச்-55 போன்ற 55 மி.மீ. ராட்சதர்கள் தனியாகவே முக்கால் கிலோவுக்கு மேல், அதற்கேற்ற கால் இல்லாமல் அவற்றை வாங்குவது வீண்.

விட்டத்துக்கு அடுத்து உராய்வு நாப். முதன்மை லாக்கைத் தளர்த்தியதும் கேமரா மடாரென்று சாயாமல் பிடிப்பது இதுதான். இது இல்லாத பால்ஹெட்டில் ஒரு கை எப்போதும் லென்ஸின் கழுத்திலேயே இருக்க வேண்டும். ஆர்கா-ஸ்விஸ் இசட்1 இதையே வேறு விதமாகத் தீர்க்கிறது: அதன் உருண்டை முழு உருண்டையே அல்ல, சாய்க்கச் சாய்க்க இறுக்கம் தானாகக் கூடும்படி வடிவத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள். முன்னே சொன்ன 59 கிலோவை மறந்துவிடுங்கள், இசட்1 வாங்க உண்மையான காரணம் இது. ஆனால் முதல் ஹெட்டாக நான் சிருய் கே-20எக்ஸ் வகையறாவைத்தான் சொல்வேன். உராய்வு நாப் உண்டு, சுழற்றத் தனி லாக் உண்டு, 400 கிராம்தான். பிஎச்-40-இன் வழவழப்பு இதில் வராது. அந்த வழவழப்புக்கு இரண்டு மூன்று மடங்கு விலை கொடுப்பதா என்பது உங்கள் பர்ஸ் தீர்மானிக்கட்டும்.

பால்ஹெட்டே வேண்டாத ஆட்களும் இருக்கிறார்கள். கட்டடம் எடுப்பவர், பொருட்களை விளம்பரத்துக்கு எடுப்பவர் எல்லாம் ஒரு திசையில் அரை டிகிரி மட்டும் நகர்த்த விரும்புவார்கள். பால்ஹெட்டில் ஒன்றைச் சரிசெய்தால் மற்ற இரண்டும் கலையும். அவர்களுக்குப் பல்சக்கரம் வைத்த கியர் ஹெட்: மான்ஃப்ரோட்டோ 410 என்றால் 1.22 கிலோ இரும்புக்குண்டு, எக்ஸ்ப்ரோ கியர் என்றால் முக்கால் கிலோ. பறக்கும் பறவைக்கு கிம்பல், வீடியோவுக்கு ஃப்ளூயிட் ஹெட். இவை தனிக் கதை.

கேமராவின் அடியில் மாட்டிய பிளேட்டை ஹெட்டில் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம், ஆர்கா-ஸ்விஸ் வகைதான். மான்ஃப்ரோட்டோவின் ஆர்சி2 பிளேட் வைத்ததும் டக்கென்று தானே பூட்டிக்கொள்ளும், அந்தச் சுகம் ஆர்காவில் இல்லை. ஆனால் கேமராவைப் பிடித்து அசைத்தால் ஆர்சி2-இல் துளி ஆட்டம் தெரியும். தவிர எல்-பிராக்கெட் (கேமராவை நெடுக்காகவும் மாட்ட உதவும் எல் வடிவத் தகடு), பெரிய லென்ஸ்களின் கால் எல்லாம் இப்போது ஆர்கா அளவான சுமார் 38 மி.மீ. அகலத்துக்கே வருகின்றன. ஒன்று மட்டும் கவனியுங்கள்: நெம்புகோல் வைத்த கிளாம்ப் வேறு கம்பெனி பிளேட்டைச் சில நேரம் சரியாகக் கவ்வாது. திருகு வைத்த கிளாம்ப் எதையும் கவ்வும்.

எனவே யாருக்கு எது? வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து அதிக தூரம் நடக்காதவர் 055 போன்ற அலுமினியக் கால், 38 மி.மீ. உருண்டையும் ஆர்கா கிளாம்பும் உள்ள ஹெட். விமானத்திலும் ரயிலிலும் போய் நாளெல்லாம் தோளில் சுமப்பவர் பீக் டிசைன் அல்லது அதுபோல் குட்டியாக மடங்குவது. 055-இன் 61 செ.மீ., பல விமானங்களின் 55 செ.மீ. கேபின் பைக்குள் அடங்காது. தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களுக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். அங்கே முன் அனுமதி இல்லாமல் ட்ரைபாட் வைக்க விடமாட்டார்கள், அது கிட்சோவானாலும் சரி.

கால்களைப் பழையதாக வாங்குவதில் தயக்கம் வேண்டாம், கெட்டுப்போக அதில் பெரிதாக ஒன்றுமில்லை. முழுக்க நீட்டி, எல்லா லாக்கையும் பூட்டி, மேலிருந்து அழுத்துங்கள், ஒரு காலும் இறங்கக் கூடாது. கார்பன் என்றால் குழாய் முழுக்க விரலை ஓட்டி வெடிப்பைத் தேடுங்கள். பழைய ஹெட் என்றால் உருண்டையைத் துடைத்துப் பாருங்கள். சிக்கிக்கொள்கிறது என்று யாராவது எண்ணெய் விட்டிருந்தால் உராய்வு போயிருக்கும், எவ்வளவு இறுக்கினாலும் நழுவும். அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.