செவில், கோர்டோபா: ஒரு நாள் கையில் இருந்தால் எந்தப் பேராலயம்?

செவிலுக்கும் கோர்டோபாவுக்கும் நடுவே அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்தான். இரண்டு ஊரிலும் பெரிய பேராலயம் உண்டு. இரண்டு இடத்திலும் முன்பு இருந்தது பள்ளிவாசல். ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றம் இரண்டிலும் இருக்கிறது. இரண்டு ஊரையும் முஸ்லிம் ஆட்சியிடமிருந்து கைப்பற்றிய கிறிஸ்தவ அரசர்கூட ஒருவர்தான், மூன்றாம் ஃபெர்னாண்டோ: கோர்டோபாவை 1236-இல், செவிலை 1248-இல். "அப்போ ஒன்றைப் பார்த்தால் போதாதா?" என்று தெற்கு ஸ்பெயினுக்குக் கிளம்புகிறவர்கள் கேட்பார்கள். போதாது. ஆனால் கையில் ஒரே ஒரு நாள்தான் என்றால், யோசிக்காமல் கோர்டோபாவுக்குப் போங்கள் என்பேன்.

முதலில் செவில். அங்கே பள்ளிவாசலையே நூற்றைம்பது ஆண்டுகள் பேராலயமாக வைத்திருந்தார்கள். 1356-இல் வந்த நிலநடுக்கம் அதை ஆட்டம் காண வைத்தது. 1401-இல் புதிதாகக் கட்டுவதென்று முடிவெடுத்து, பழையதை இடித்து, நூறு ஆண்டுகளுக்கு மேல் வேலை நடந்தது. வந்து நிற்பது, கூர்வளைவுகளும் உயர்ந்த கூரையும் கொண்ட கோதிக் பாணியில் உலகின் மிகப் பெரிய பேராலயம். நடுக்கூரை 42 மீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு விலையும் கொடுத்தார்கள். நடுவில் இருந்த குவிமாடம் 1511-இல் ஒருமுறையும் 1888-இல் இன்னொரு முறையும் இடிந்து விழுந்தது. தலைமைப் பலிபீடத்தின் பின்னால் தங்கம் பூசிய மரச் சிற்பச் சுவர். சிற்பி பியர் டான்கார்ட் 1482-இல் தொடங்கியதை முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. கொலம்பஸின் கல்லறை இங்கேதான். நான்கு கட்டியக்காரர்களின் சிலைகள் பெட்டியைத் தோளில் சுமந்து நிற்கும். கியூபா ஸ்பெயினின் கையை விட்டுப் போனபின் ஹவானாவிலிருந்து கொண்டுவந்தது அது. கூட்டம் அதைச் சுற்றித்தான் நிற்கும். நீங்கள் ஐந்து நிமிடத்தில் நகர்ந்துவிடலாம்.

செவிலில் பல பாணிகள் கலந்து நிற்பது உள்ளே அல்ல, பேராலயத்தின் மணிக்கோபுரமான ஹிரால்டாவில். அடியில் குனிந்து பாருங்கள்: இலத்தீன் எழுத்து வெட்டிய ரோமானியக் கற்களை அப்படியே அடிக்கல்லாக வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் 12-ஆம் நூற்றாண்டு மினாரா (பழைய பள்ளிவாசலின் கோபுரம்), வலை பின்னியது போன்ற செங்கல் வேலைப்பாடு. அதன் தலையில் 1558 முதல் 1568 வரை ஹெர்னான் ரூயிஸ் என்ற கட்டடக் கலைஞர் ஏற்றிய மறுமலர்ச்சிக் கால மணிமேடை. மொத்தம் நூறு மீட்டருக்குச் சற்று மேல். ஏறுவதற்குச் சரிவுப் பாதைதான், கடைசியில் மட்டும் சில படிகள். முழங்கால் வலி உள்ளவர்களும் நின்று நின்று ஏறிவிடலாம்.

சரி, கோர்டோபா. இங்கே பள்ளிவாசலை முழுதாக இடிக்கவில்லை, அதன் நடுவில் பேராலயத்தைச் செருகினார்கள். எனக்கு இந்த இடத்தின் மேல் பித்து வரக் காரணமே அதுதான்.

கோர்டோபாவை ஆண்ட முதலாம் அப்துர் ரஹ்மான் பள்ளிவாசலை 8-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியபோது, பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்தும், ரோமானியருக்குப் பின் ஆண்ட விசிகோத் மக்களின் கட்டடங்களிலிருந்தும் தூண்களைப் பெயர்த்து வந்தார்கள். அவை குட்டை. கூரை உயர வேண்டுமே? ஒரு வளைவின் தலைக்கு மேல் இன்னொரு வளைவை வைத்தார்கள். சிவப்புச் செங்கல் ஒரு வரி, வெள்ளைக்கல் ஒரு வரி என்று மாறி மாறி வரும் அந்த இரட்டை வளைவு அப்படிப் பிறந்ததுதான். இன்று 856 தூண்கள் இருக்கின்றன. பழைய பகுதியில் ஒன்றின் நிறம் இன்னொன்றுக்கு இருக்காது, தலைப்பகுதிச் செதுக்கலும் சேராது. பிறகு கிழக்குப் பக்கம் நடந்து, ஆட்சியைக் கையில் வைத்திருந்த அமைச்சர் அல்மன்சூர் 10-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சேர்த்த பகுதிக்கு வாருங்கள். அண்ணாந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும்: அங்கே செங்கல்லே இல்லை, கல்லின் மேல் சிவப்பு வண்ணம்தான் தீட்டியிருக்கிறார்கள். தெற்குச் சுவரில் மிஹ்ராப், அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் மாடம். அதன் பொன் மொசைக் வேலைக்குக் கைவினைஞர் வந்தது கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்திலிருந்து.

அந்தத் தூண்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று மேலே வெளிச்சம் கொட்டும். தாழ்ந்த கூரை போய், வெள்ளையும் பொன்னுமாக உயரமான ஆலயம் ஒன்று நிற்கும். 1523-இல் ஆயர் அலோன்சோ மன்ரிக் இதைத் தொடங்கியபோது ஊரே எதிர்த்தது. அரசர் தீர்ப்புச் சொல்லும்வரை இடிப்பு வேலையில் கைவைப்பவருக்கு மரண தண்டனை என்று நகர மன்றம் அறிவித்தது. அரசர் ஐந்தாம் சார்லஸ் ஆயர் பக்கம் நின்றார். பிறகு நேரில் பார்த்து வருந்தினார் என்று ஒரு கதை வழங்குகிறது. அனுமதி கொடுத்தவர் அவர்தான் என்பதை மறக்க வேண்டாம். வேலை முடிய 1607 ஆனது. கோதிக்கில் தொடங்கி, மறுமலர்ச்சிக் குவிமாடத்தில் முடிந்து, 18-ஆம் நூற்றாண்டில் பாடகர் குழுவுக்கு மகோகனி மர இருக்கைகளும் வந்து சேர்ந்தன.

இடித்தது இழப்புதான், எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் செவிலில் ஒரு பாணி போன இடத்தில் இன்னொன்று வந்தது. இங்கே ஒன்றின் சுமையை இன்னொன்று தாங்குகிறது. ஆலயத்தின் கல்சுவர் பழைய வளைவுகளோடு வந்து சேரும் இடத்தில் நின்று பார்த்தால் இது புரியும். பிரமாண்டம் பிடித்தவர்களுக்கும் உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் செவில்தான் சரி. தனியே மெதுவாக நடந்து பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கோர்டோபா. தொலேதோவும் நல்ல பேராலயம்தான், ஆனால் அது மாட்ரிட்டிலிருந்து போக வேண்டிய இடம், இந்தப் பயணத்தோடு சேர்க்காதீர்கள்.

ஒரே நாளில் இரண்டும் வேண்டும் என்றால் கோர்டோபாவை முதலில் வையுங்கள். திங்கள் முதல் சனி வரை காலை 8.30-லிருந்து ஒரு மணி நேரம் கட்டணம் கிடையாது, குழுக்களும் இருக்காது; ஆலய நிகழ்ச்சி இருந்தால் மட்டும் மாறும். மதிய ரயிலில் செவில் போய் ஹிரால்டா ஏறலாம். கோர்டோபாவின் அந்த நடு ஆலயத்தைத் தொடங்கிய கட்டடக் கலைஞரின் பெயரும் ஹெர்னான் ரூயிஸ்தான். மாலையில் நீங்கள் ஏறி நிற்கும் மணிமேடை அவருடைய மகன் கட்டியது.