கூத்து ஜமா நோட்டீசுக்கு எந்த ஃபிலிம்?

காட்பாடிப் பக்கம் ஒரு கூத்து ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, நோட்டீசுப் படம் எடுக்கப் போயிருந்தேன். "நிக்க வெச்சு எடுத்தா கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கும். நாங்க எங்க வேலையப் பாக்குறோம், நீ பாட்டுக்கு எடு தம்பி" என்றார் வாத்தியார். கையில் இரண்டு கேமரா. ஒன்றில் கோடாக் கோல்டு 200 கலர், மற்றதில் இல்ஃபோர்டு ஹெச்பி5 கறுப்பு வெள்ளை. 200 என்பது ஃபிலிமின் வேகம்; எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும்.

வேஷம் கட்டும் கொட்டகையில் ஒரே ஒரு டியூப்லைட். எஃப்2-இல் லென்ஸை முழுக்கத் திறந்தும் கோல்டுக்கு ஷட்டர் வேகம் 1/15 நொடிதான் கிடைத்தது. கை கொஞ்சம் அசைந்தாலும் போச்சு. போதாக்குறைக்கு டியூப்லைட்டின் பச்சை வேறு முகத்தில் ஏறிவிடும். ஃபிளாஷ் அடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அப்புறம் ஏது இயல்பு? ஹெச்பி5-ஐ 1600-க்குத் தள்ளினேன், அதாவது வேகம் 1600 என்று வைத்து எடுத்து, பிறகு கூடுதல் நேரம் கழுவினேன். 1/125 வந்துவிட்டது. ஒருவர் உடைந்த கண்ணாடியை முட்டிகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கயிற்றைப் பல்லில் கடித்தபடி தோளில் கட்டை என்கிற மர அணியைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த ஒரு படத்துக்கே ரோல் காசு சரியாகிவிட்டது. தள்ளியதில் நிழல் பகுதியில் விவரமே இல்லாமல் போய்விட்டது, தலைமுடியும் பின்சுவரும் ஒரே கரி. எனக்குப் பிடித்திருந்தது.

வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு. இதுல துரியோதனன் யாரு, கிருஷ்ணன் யாரு?" என்றார். நியாயம்தான். சிவப்பு முகமும் பச்சை முகமும் கறுப்பு வெள்ளையில் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். வேஷத்தின் நிறம் தெரியாத நோட்டீசைப் பார்த்து எந்த ஊரான் அச்சாரம் கொடுப்பான்?

கலர் ஜெயித்தது படுகளத்தில், அதாவது பீமன் துரியோதனனை வீழ்த்தும் கடைசி நாள் கூத்தில். பட்டப்பகல் வெயில், எஃப்16, 1/250. மண்ணில் படுத்திருக்கும் துரியோதனன், சுற்றிக் கூட்டம், நடுவில் வியர்வையில் அரிதாரம் வழியும் பீமன். வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் கோல்டு தாங்கும்.

ஃபிலிம் கழுவும் வேலையில் வேலூர் வெயில் கலர் பக்கம். கலர் டெவலப்பருக்கு 38 டிகிரி வேண்டும். சித்திரையில் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தாலே பாதி வேலை முடிந்தது. கறுப்பு வெள்ளைக்கு 20 டிகிரி. பக்கெட்டில் ஐஸ்கட்டியைக் கொட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

நோட்டீசின் முன்பக்கத்துக்குப் படுகளத்துக் கலரைக் கொடுத்துவிட்டேன். கட்டை கட்டுபவர் பின்பக்கம், வாத்தியாரோடு கொஞ்சம் மல்லுக்கட்டித்தான். அடுத்த முறை கொட்டகைக்குக் கோல்டை எடுத்துப் போக மாட்டேன்.