போஸ்டரா, கயிறா?

அலுவலகக் கலாசாரத்தை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மனதை முதலில் மாற்றுவது: கூட்டம், பயிற்சி, சுவரில் ‘நம் கொள்கைகள்’ போஸ்டர். சுலபமாகத் தொடங்கலாம். ஆனால் மறுநாளே மேனேஜர் பழையபடி கத்தினால் போஸ்டரை யார் நம்புவார்கள்?

இன்னொன்று, வேலை செய்யும் முறையை மாற்றிவிட்டு, மனம் பின்னால் வரட்டும் என்று விடுவது. என் ஓட்டு இதற்குத்தான். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் கார் ஆலையைப் பாருங்கள். லீவுக்கும் சண்டைக்கும் பேர்போன அதை ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடியது. 1984-இல் டொயோட்டாவுடன் சேர்ந்து அதே இடத்தில் உற்பத்தி மறுபடி தொடங்கியபோது, வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளிகள்தான். கார்களைப் படிப்படியாகப் பூட்டும் லைன் ஓரமாக ஒரு கயிறு. பிசகு தெரிந்தால் யாரும் இழுக்கலாம். டீம் லீடர் ஓடிவந்து கைகொடுப்பார். அப்போதும் சரியாகாவிட்டால் லைனே நிற்கும். திட்டு கிடையாது. தரம் சீக்கிரமே உயர்ந்தது.

இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. அப்புறம் ஜெனரல் மோட்டார்ஸ் அதே முறையைத் தன் வான் நைஸ் ஆலையில் கொண்டுவரப் பார்த்தது. அங்கே லைன் நிற்பதை மேற்பார்வையாளர்களே விரும்பவில்லை. கயிறு மாட்டினால் மட்டும் போதாது. 1992-இல் அந்த ஆலையும் மூடப்பட்டது.